இடுப்பு மூட்டு போய்விட்டது, வேலைக்குப் போகிறேன்: மாற்றுத்திறனாளி அட்டை கேட்கலாமா?

ஈரோடு சேலைக்கடை | 9 நவம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 37 வயது. ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது வரை நின்றபடிதான் வேலை. போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். வலி தொடையிடுக்கில் பிறந்து முட்டிக்கு இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது. கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஏவிஎன் என்று வந்தது. தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போவது நின்று அந்த இடத்து எலும்பு செத்துப்போகிறதாம். எனக்கு மூன்றாம் நிலை, பந்து அமுங்கத் தொடங்கிவிட்டது. மூச்சுத் தொந்தரவுக்காகச் சில வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன், அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். மூட்டு மாற்றத்தான் வேண்டும், எப்போது என்பதுதான் கேள்வி.

இந்தத் தீபாவளிக்குக் கீழ்த்தட்டுச் சேலையை எடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் வாடிக்கையாளர் முன்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிற பெண் வந்து தூக்கிவிட்டாள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடு என்று பிசியோ டாக்டர் சொல்கிறார். என் நாத்தனாரோ, "நடந்து வேலைக்குப் போறே, சம்பளம் வாங்குறே, உனக்கு எதுக்கு அந்தக் கார்டு? முடியாதவங்க பங்கை எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்கிறார். அந்தப் பேச்சு இரண்டு நாளாக மனதில் உறுத்துகிறது. சம்பளம் 16,500, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அட்டை தருவார்களா? கடையில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்தா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு நோட்டு | 9 நவம்பர் 2024

அக்கா, முதலில் உங்கள் நாத்தனார் சொன்னதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வேலைக்குப் போகாதவர்தான் மாற்றுத்திறனாளி என்று எங்கேயும் இல்லை. நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களோடு சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போனால் அவர் மாற்றுத்திறனாளி. அவ்வளவுதான் வரையறை. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உழைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், சான்று வேறு, சலுகை வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சான்றும் யூடிஐடி அட்டையும் (நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) உங்கள் உடலை மட்டும் பார்த்துத் தருவது. சம்பளம் எவ்வளவு என்று மருத்துவக் குழு கேட்காது. அட்டை கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு சலுகைக்கும் ஒவ்வொரு நிபந்தனை. பெரும்பாலானவற்றுக்குச் சான்றில் குறைபாடு 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். 40-க்குக் கீழே வந்தால் வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம்.

தறிப்பட்டறை மணி | 10 நவம்பர் 2024

மாதம் 2,000 தருகிறார்களே, அது இவருக்குக் கிடைக்குமா?

கணக்கு நோட்டு | 10 நவம்பர் 2024

வாய்ப்பு இல்லை அண்ணா. 2023 ஜனவரியில் 1,500-லிருந்து 2,000 ஆக்கிய பராமரிப்பு உதவித்தொகையைத்தான் சொல்கிறீர்கள். அது 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு. இந்தத் தொகையை நினைத்துக்கொண்டுதான் "வேலைக்குப் போறவனுக்கு எதுக்கு" என்று ஊரில் பேசுகிறார்கள். இந்த அக்கா கேட்பது அதையல்ல.

காலிப்பர் 1972 | 10 நவம்பர் 2024

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. இரண்டு காலிலும் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஐந்தாம் வகுப்பு வரை அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். இன்றைக்குச் சான்று தரும் முகாமுக்குப் போய்ப் பார்த்தால் வரிசையில் பாதிப்பேர் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். ஐம்பது வயதில் மூட்டு தேய்ந்தவரும் நானும் ஒரே அட்டை என்றால் எங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். அரசு வேலையில் கை கால் குறைபாட்டுக்கு ஒதுக்கியது 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உங்களைச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாத்தனார் கேட்டது கேட்கக்கூடாத கேள்வி இல்லை.

கடற்கரைச் சாலை | 10 நவம்பர் 2024

அண்ணா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பைக்கில் வந்து இறங்கியவரின் இடுப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியாது. எனக்குப் பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் போனது. சேலை கட்டி நின்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பேருந்தில் உட்காரக் கேட்டால் "சின்ன வயசுதானே" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நான் ஒரு கைத்தடியை வலிக்காக மட்டுமில்லை, அடுத்தவர் கண்ணுக்காகவும் எடுத்துப்போகிறேன். இது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குத்தான் நான் சொல்லாமலே தெரியும்.

பொய்ச்சான்று வாங்குகிறவர்களைப் பிடிக்கட்டும். அதே 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. அவர்கள்மேல் உள்ள கோபத்தை உண்மையான நோயாளிகள்மேல் காட்ட வேண்டாம்.

சேலைக்கடை சகோதரிக்கு: கைத்தடி பிடிக்கிறீர்களா? பிடித்தால் வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். உங்களுக்கு வலது இடுப்பு, எனவே இடது கையில். நான் நான்கு வருடம் தப்பான கையில் பிடித்தேன், யாரும் சொல்லித்தரவில்லை.

ஈரோடு சேலைக்கடை | 11 நவம்பர் 2024

வலது கையில்தான் பிடித்தேன் அக்கா! இன்று காலை கையை மாற்றிப் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வித்தியாசம் தெரிகிறது. ரொம்ப நன்றி.

காலிப்பர் அண்ணா, நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நான் அரசு வேலைக்குப் போட்டி போடப்போவதில்லை. உட்கார்ந்து வேலை செய்ய ஒரு இடம், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்த வேலை இருக்கும் என்கிற நிம்மதி, இவ்வளவுதான் வேண்டும்.

ஸ்டீயரிங் | 12 நவம்பர் 2024

"அந்த வேலை இருக்கும் என்கிற நிம்மதி" என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் ஒரு அரசுத் துறையில் ஓட்டுநராக இருந்தேன். விபத்தில் இடுப்புக் கிண்ணம் உடைந்து, தட்டு வைத்து, ஏழு மாதம் கழித்துப் போனேன். வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார். பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். என் மனைவி மட்டும் "வீட்டுக்குப் போய் யோசிச்சு வரோம் சார்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு. அரசு ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அப்படி இடம் இல்லையென்றால் தனியாகக் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைக்க வேண்டும். இதை அப்படியே எழுதி, சான்று நகலை வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு பிரதி போட்டேன். இப்போது பொருள் காப்பறையில் பதிவேடு எழுதுகிறேன். சம்பளம் குறையவில்லை. சான்று இல்லாமல் இருந்திருந்தால் என் பேச்சு வெறும் புலம்பல்தான்.

இது அரசு வேலைக்கு மட்டும். தனியாருக்கு இவ்வளவு உறுதியான வாசகம் கிடையாது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா நிறுவனத்துக்கும் உண்டு.

கணக்கு நோட்டு | 12 நவம்பர் 2024

தனியார் கடைக்கு வேறு இரண்டு பிடிமானம் இருக்கிறது, அக்கா குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று உட்காரும் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வைக்கக்கூடாது, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும். இதற்கு அட்டையும் வேண்டாம், சதவீதமும் வேண்டாம். சேலைக்கடை, நகைக்கடைப் பெண்களை மனதில் வைத்தே வந்த திருத்தம்.

இரண்டாவது இஎஸ்ஐ. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்குமுன் உள்ள ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். இந்த நோய்ப்பயன் வாங்கும் காலத்தில் முதலாளி உங்களை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று 2024 நிலவரப்படி இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக 21,000 சம்பளத்தைத் தாண்டினால் இஎஸ்ஐ இல்லை. மாற்றுத்திறனாளிக்கு அந்த வரம்பு 25,000.

மென்பொருள் சாய்நாற்காலி | 15 நவம்பர் 2024

எனக்கும் ஏவிஎன், இரண்டு பக்கமும். வருமான வரி கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், 2024-25 நிலவரம் இது. 80யு பிரிவில் 40 சதவீதத்துக்கு மேல் 75,000, 80 சதவீதத்துக்கு மேல் 1,25,000 வரிக்குரிய வருமானத்தில் கழிவு. மருந்துக்கு எவ்வளவு செலவு, பில் எங்கே என்று எதுவும் கேட்பதில்லை, சான்று இருந்தால் முழுத்தொகை. பழைய வரி முறையில் மட்டும். புதிய முறைக்கு மாறினால் 80யு போய்விடும், ஆனால் கால் பாதிப்பு உள்ள ஊழியருக்கு அலுவலகம் தரும் போக்குவரத்துப் படியில் மாதம் 3,200 வரை வரி இல்லை என்பது புதிய முறையிலும் உண்டு. சம்பளப் பட்டியலில் அந்தப் படி தனியாக இருக்க வேண்டும். மனிதவளத் துறையிடம் நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் போட மாட்டார்கள்.

தற்காலிகச் சான்று என்றால் காலாவதித் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தேதி முடிகிற நிதியாண்டு வரைதான் கழிவு, அதற்கப்புறம் புதுப்பித்தால்தான்.

ஈரோடு சேலைக்கடை | 17 நவம்பர் 2024

நான் வரி கட்டும் அளவுக்கு இல்லை தம்பி. ஆனால் என் தங்கை கணவருக்கு உதவும், அனுப்பிவிட்டேன். இ-சேவை மையத்தில் யூடிஐடி இணையத்தில் பதிந்தாகிவிட்டது. ஆதார், புகைப்படம் போதும் என்றார்கள். குழுவிடம் போகும் அன்று என்ன கேட்பார்கள்? பயமாக இருக்கிறது.

கடற்கரைச் சாலை | 17 நவம்பர் 2024

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தயாராகப் போக வேண்டும்.

மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று ஒரு கணக்கு. நிலையாக நிற்க, நடக்க முடிகிறதா என்று இன்னொரு கணக்கு. சமதளத்தில் நடக்கச் சொல்வார்கள். சரிவு, படி, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது, இதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. நம் ஊரில் பந்தியில் உட்கார, கோயிலில் விழுந்து கும்பிட, கழிப்பறையில் குந்த இந்த இடுப்புத்தான் வேண்டும். அதைக் கேட்பது நியாயம்தானே.

நான் முதல் தடவை செய்த தப்பைச் சொல்கிறேன். அன்று காலை வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் எட்டு மாதமாகக் குந்தாதவள், டாக்டர் "உட்காருங்கம்மா" என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தி எழுந்தேன். பெரியவர்கள் முன்னால் முடியாது என்று சொல்லக் கூச்சம். 30 சதவீதம் எழுதினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான் காட்டியதைத்தான் எழுதினார்கள். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். முடிவதை முடியும் என்று சொல்லுங்கள். ஒரு தடவை முடியும், ஒரு நாளைக்கு இருபது தடவை முடியாது என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். எம்ஆர்ஐ படத்தையும் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

தறிப்பட்டறை மணி | 18 நவம்பர் 2024

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துவிட்டால் கார்டு போய்விடும் என்கிறார்களே? அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கடற்கரைச் சாலை | 18 நவம்பர் 2024

அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள் அண்ணா, அப்படிச் செய்ய வேண்டாம். தற்காலிகச் சான்று என்றால் காலம் முடிந்ததும் மறுபடி பார்ப்பார்கள், அப்போது உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படி எழுதுவார்கள். நன்றாகி 40-க்குக் கீழே இறங்கினால் அதைவிட நல்ல செய்தி எது? சதவீதத்துக்காக வலியை வைத்துக்கொள்ளாதீர்கள். தள்ளிப்போடும் மாதங்களில் தசை சூம்பும், நல்ல பக்கத்து இடுப்பும் முதுகும் கெடும். நான் 2019-ல் மாற்றினேன். சம்மணமும் குந்துவதும் கூடாது என்றார்கள், வெஸ்டர்ன் கழிப்பறை கட்டினோம். ராத்திரி தூக்கம் திரும்பி வந்தது. அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஈரோடு சேலைக்கடை | 29 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து குழு முன்னால் போய்வந்தேன். யாருக்காவது உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கே வரிசை. என் முன்னால் ஒரு அம்மா பதினைந்து வயது மகனை மடியில் வைத்திருந்தார். அவன் கழுத்து நிற்கவில்லை. அவனைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றிவிட்டது. நாத்தனார் குரல் காதில் கேட்டது. அந்த அம்மாதான் என் தடியைப் பார்த்து, "என்னம்மா, இடுப்பா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

உள்ளே போனதும் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோணமானி மாதிரி ஒரு கருவியைத் தொடையில் வைத்து மடக்கினார். வெளிப்பக்கம் திருப்பும்போது கத்திவிட்டேன். இன்ச் டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார், வலது கால் குட்டையாகியிருக்கிறது. வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றதும் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, மேசையைப் பிடித்தேன். "குந்த முடியுமா?" என்றார். கடற்கரை அக்கா எழுதியது நினைவுக்கு வந்தது. "முடியாது சார்" என்றேன். ஒன்றரை வருடத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை, கடையிலும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டே, "வேலைக்குப் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "உட்கார்ந்து செய்யற மாதிரி பார்த்துக்கங்க" என்றார், அவ்வளவுதான்.

45 சதவீதம். தற்காலிகம், இரண்டு வருடம்.

ஸ்டீயரிங் | 29 ஜனவரி 2025

நகல் பத்து எடுத்து வையுங்கள் சகோதரி. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

காலிப்பர் 1972 | 30 ஜனவரி 2025

தங்கச்சி, படித்தேன். அன்றைக்கு எழுதியதில் பைக்கைப் பற்றிச் சொன்னது தப்பு. நானும் மூன்றுசக்கர ஸ்கூட்டரில்தான் போகிறேன், அதுவும் அரசு கொடுத்தது. இட ஒதுக்கீடு பற்றி என் கருத்து மாறவில்லை, அதை வேறொரு நாள் பேசலாம்.

அரசுப் பேருந்து விவரம் சொல்கிறேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் கட்டணம் இல்லை. உங்கள் அட்டைக்குப் பயன் வெளியூர்ப் பேருந்தில். கால் பங்கு கட்டணம் கொடுத்தால் போதும். ரயிலில் அப்படியில்லை. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று ரயில்வேக்கான தனிப் படிவத்தில் டாக்டர் எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசியில் 75 சதவீதம் கழிவு, கூட வருபவருக்கும் சேர்த்து. உங்களுக்கு அந்த நிலை இல்லையென்றால் கேட்க வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாத சமயத்தில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

ஈரோடு சேலைக்கடை | 23 மார்ச் 2025

மஞ்சள் அட்டை தபாலில் வந்தது.

முதலாளியிடம் போன வாரம் பேசினேன். சான்று நகலும் 22-ஏ பிரிவை என் மகன் அச்சடித்துத் தந்த தாளும் பையில் இருந்தன. பேச்சின் நடுவில் சான்றை மட்டும் எடுத்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் படித்தார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லலே?" என்றார். மற்ற தாளை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனாலும் அடுத்த நாள் சேலைப் பிரிவில் இருக்கிற மற்ற ஆறு பெண்களிடமும் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர்களுக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறார்கள்.

என்னைப் பில் போடும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நாற்காலி தாழ்வாக இருந்தது, எழும்போது வலித்தது. உட்காரும் பலகை முட்டியை விட உயரமாக இருக்க வேண்டும் என்று பிசியோ டாக்டர் சொன்னதால் கீழே நாலு மரக்கட்டை வைத்து உயர்த்திக்கொண்டேன். இஎஸ்ஐ-யில் ஆபரேஷனுக்கு ஜூன் மாதம் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

கடற்கரை அக்கா, ஆபரேஷனுக்குப் போகும்போது வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுவீர்களா?

கடற்கரைச் சாலை | 23 மார்ச் 2025

இன்று இரவே எழுதுகிறேன். முதலில் முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு ஒரு ஜோடி வாங்கி வையுங்கள்.